சீல் உடையாத பெட்டி

பெட்டியின் சீல் உடையவில்லை. உள்ளே நான்கு பட்டை இருக்க வேண்டும். இரண்டுதான் இருந்தன.

எண்ணியது பிழையோ என்று திரும்ப எண்ணினேன். நான்கைத் திரும்ப எண்ணும் ஆள் எப்படிப்பட்டவன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படிப்பட்டவன்தான். முப்பது வருடம் கொழும்பில் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டுகளில் நின்றேன். கப்பலில் வந்த பெட்டியின் கதவில் தொங்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் நம்பரும் கடதாசியில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது என் வேலை. சந்தேகப்படுவதற்காக எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. லிஃப்டில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் மூன்றாம் மாடி வரும்வரைக்கும் ஏன் சிரித்தான் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

பட்டை என்றால், லொறிகளின் அச்சுக்கு மேலே ஒன்றின் மேல் ஒன்றாக வளைந்து கிடக்குமே இரும்புத் தகடு, அதுதான். என்னுடையது நடுவிரல் நீளம். நான் கட்டிக்கொண்டிருந்தது ரிமோட்டில் ஓடும் ஒரு சின்ன லொறி, உண்மையானதில் பத்தில் ஒன்று. ஐம்பத்தொன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் விளையாட்டுச் சாமான். அதற்கு ஒரு பலகைப் பெட்டி செய்து, மூடிக்குப் பின்னால் அது மடிந்து திறக்க இரண்டு பிணைச்சலைத் திருகாணியால் பூட்டி, முன்னால் வளையம் போட்டு, வேலைக் காலத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக் சீல்களில் ஒன்றைத் தினமும் மாட்டி, அதன் நம்பரைக் கொப்பியில் எழுதி வைத்தேன். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில், நானும் மனைவியும் மட்டும் இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். பழக்கம் என்றேன்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டு பட்டை குறைந்தபோது எனக்கு முதலில் வந்தது ஒரே ஒரு முகம். கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் சிநேகிதனுடைய முகம். எனக்கு இருக்கிற சிநேகிதனே அவன் ஒருவன்தான். ஆளைச் சந்தேகிக்கிறவனுக்கு அதற்கு மேல் சேராது. அவன் எடுத்திருந்தால் எனக்கு ஆளே இல்லை. அவன் எடுக்காமல் இருந்திருந்தால் என்ன என்ற யோசனை எனக்கு வரவில்லை.

இரண்டு பேரும் ஒரே யார்டில் வேலை செய்தவர்கள். அவன் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். பேரைக் கேட்டால் தமிழனா சிங்களவனா என்று கேட்கிறவருக்கு யோசனை வரும். லொறிப் பைத்தியம் அவனிடமிருந்துதான் எனக்குத் தொற்றியது. போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒருவர் காட்டுக்குள் சின்ன லொறி ஒன்றை ஓட்டுகிறார். அது கல்லில் ஏறும்போது பட்டை மெல்ல வளைந்து, சக்கரம் மேலே வந்து, பெட்டி மட்டும் ஆடாமல் போகிறது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வீடியோவை ஆறு தரம் பார்த்தோம். வாழ்நாள் முழுக்க லொறிகளைப் பார்த்தவர்கள். ஒன்றைக்கூடச் சொந்தமாக வைத்திருக்கவில்லை.

இரண்டு கிட் எடுப்பதென்று முடிவானது. அப்போதுதான் என் குணம் தலைகாட்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலில் வயர், பெட்டரி, ரிமோட். முகவரி வெள்ளவத்தை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சொல்லலாம். காலம் மாறிவிட்டது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு ரிமோட் என்ற சொல்லைக் கேட்டால் யுத்தகாலத்துக் குண்டும் சோதனைச் சாவடியும்தான் முதலில் ஞாபகம் வரும்.

“என்ர பேருக்கு வேண்டாம் மச்சான்” என்றேன்.

“அப்ப என்ட பேருக்கு போடுவம்” என்றான். ஏன் என்று கேட்கவில்லை.

சுங்கத்தில் பார்சல் எடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன், ஆனால் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். உள்ளே நடந்ததை அவன் பிறகு சொன்னான். அதிகாரி பெட்டியை உடைத்து இரண்டு ரிமோட்டையும் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டாராம். “செல்லம் படுவக் மாத்தயா” என்று இவன் சொல்லியிருக்கிறான், விளையாட்டுச் சாமான் ஐயா என்று. யாருக்கு என்று கேட்டதற்கு, “மட்ட”. எனக்கு. இரண்டுமா என்று கேட்டதற்கும் அதே பதில். அதிகாரி இவனுடைய நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு சீட்டில் கையெழுத்து வைத்தாராம். இவன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தான். நான் அவனுக்கு ஒரு பிளேன்டீ சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது.

கட்டத் தொடங்கியபோதுதான் இந்த வேலையின் ருசி தெரிந்தது. சேசிஸ் என்பது இரண்டு நீளத் தண்டுகள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு ஸ்பிரிங், ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் மூன்று பட்டை, நீளமானது மேலே, கட்டையானது கீழே. ஸ்பிரிங்கின் முன் நுனி ஓர் ஆணியில் இறுகி நிற்கும். பின் நுனியை ஊஞ்சல் மாதிரி ஒரு சின்னத் துண்டு தாங்கும். பாரம் ஏறும்போது பட்டை நீளுமல்லவா, அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பது அந்த ஊஞ்சல்தான். லொறிக்குக் கீழே இத்தனை வருடம் குனிந்து பார்த்தும் எனக்கு இது தெரியாது. முதல் ஸ்பிரிங்கைப் பூட்டி விரலால் அமத்தியபோது அது வளைந்து ஊஞ்சல் பின்னுக்குப் போனது. நான் தனியே இருந்து சிரித்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் பெட்டரி பூட்டியதும் லொறி இடப்பக்கம் சரிந்தது. பெட்டரித் தட்டு இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. அது எனக்கு உறைக்கவில்லை. ஊஞ்சல் இறுக்கம் என்று நினைத்தேன். கழற்றி அராவினேன், பூட்டினேன், சரிந்தது. திரும்பக் கழற்றினேன். இப்படி இரண்டு கிழமை போனது.

“உங்கட லொறி இடப்பக்கம் சரிஞ்செல்லோ நிக்குது” என்றாள் மனைவி ஒரு நாள், தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கையில் வைத்தபடி.

“அது உமக்கு விளங்காது” என்றேன்.

அவளுடைய அப்பாவுக்கு ஒரு காலத்தில் லொறி இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு வரும். அந்தக் கதையை அவள் எடுத்தால் நான் பேப்பரை எடுப்பேன். அன்றைக்கும் அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் ஆணி முடுக்கும் அலன் கீயைத் தேடினேன். “ஓம்” என்றுவிட்டுத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள்.

நான் ஊஞ்சல்களுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டுப் பெட்டியை மூடினேன். மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, சீலை வெட்டித் திறந்து லொறியை மேசையில் வைத்தால் அது நேராக நிற்கிறது. நாலு சக்கரமும் சமமாகப் பதிந்து, மேல்தட்டில் வைத்த பென்சில் உருளவில்லை. எண்ணெய்தான் வேலை செய்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவன், என்னைப் பற்றி நல்லது என்றால் உடனே நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை சிநேகிதன் வந்தான். வழக்கமாகச் சனி பின்னேரம் வருவான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கையில் பேக்கரிப் பாண் பெட்டி ஒன்று இருக்கும், உள்ளே அவனுடைய லொறி. அன்று அது இல்லை. “பின் பட்டை ரெண்டு வெடிச்சிட்டு மச்சான்” என்றான். “கல்லுக்கு மேல ஏத்திப் பாத்தன். கிட்டோட வந்த உபரியும் முடிஞ்சிட்டு.” புதிது வர ஆறு கிழமை ஆகும் என்றான். பிறகு என் லொறியைப் பார்த்து, “இது எப்பிடி நிமிந்த?” என்று கேட்டான்.

எண்ணெயின் தடிப்பு, ஊஞ்சலின் கோணம் என்று நான் பத்து நிமிடம் கதைத்தேன். எனக்கே அது எவ்வளவு சரி என்று தெரியாது. மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பிறகு பெட்டியைச் சீல் வைத்து மூடிவிட்டு, வடை வாங்கி வருகிறேன் என்று நான் கீழே இறங்கினேன். கடையில் சனம். அரை மணித்தியாலம். மனைவி குசினியில், அவன் என் அறையில். நான் வந்தபோது அவன் ஜன்னலால் ரயில் பாதைக்கு அப்பால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடை சாப்பிட்டோம். போனான். மறுநாள் போன் எடுத்து, “பட்டையை சரி பண்ணிட்டன் மச்சான்” என்றான். நல்லது என்றேன்.

திங்கட்கிழமைகளில் நான் உபரிச் சாமான்களை எண்ணுவேன். கிட்டோடு வந்த உபரிப் பட்டை நான்கு, ஒரு சின்னப் பொலித்தீன் பையில். போன திங்கள் நான்கு என்று கொப்பியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. இந்தத் திங்கள் இரண்டு.

சீல் நம்பர் கொப்பியோடு சரியாக இருந்தது. அப்போது பெட்டியைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிணைச்சல் ஆணிகளின் தலையில் புதுக் கீறல், மினுங்கியது.

யார்டில் ஒரு களவு நடந்தது பல வருடத்துக்கு முன்னர். கொண்டெய்னரின் சீல் அப்படியே இருந்தது, உள்ளே சாமான் பாதி இல்லை. கடைசியில் பார்த்தால், கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணியைக் கழற்றிக் கதவைத் திறந்து, எடுத்து, திரும்ப ஆணியை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சீலைப் பார்க்கிறவன் சீலை மட்டும்தான் பார்ப்பான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெட்டியைப் பின்பக்கமாகப் பார்த்துக் கண்டுபிடித்தது நானும் அவனும். அந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

பட்டை உடைந்தவன் அவன். அறையில் தனியே இருந்தவன் அவன். சீலை உடைக்காமல் திறக்கத் தெரிந்தவன் அவன். மறுநாளே சரி பண்ணிவிட்டேன் என்றவனும் அவன். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா அந்தப் பெட்டிப் பக்கமே போக மாட்டார், சீலைப் பார்த்து உள்ளே பாம்பு இருக்கிறது என்ற மாதிரிப் பயம். மனைவியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே என்று இரவுச் சாப்பாட்டின்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

செவ்வாய் காலை சொல்லாமல் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புறக்கோட்டையில் பஸ் மாறும்போது, இன்னும் திரும்பிப் போகலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அடுத்த பஸ்ஸும் வந்துவிட்டது, ஏறினேன். அவனுடைய வீடு கோயிலுக்குக் கீழே இறங்கும் சரிவில். கதவைத் திறந்தவன் முகம் முழுக்கச் சிரிப்பு.

“வா வா, நல்ல நேரத்துக்கு வந்த. பாரு.”

லொறி மேசையில் நின்றது. நாலு ஸ்பிரிங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, புதுச் சப்பாத்து மாதிரி. நான் அதைக் கவிழ்த்தேன். எண்ணினேன். மூன்று, மூன்று, மூன்று, மூன்று. உடைந்தது ஒன்றும் இல்லை. பெயின்டுக்குக் கீழே எது பழையது எது புதியது என்று தெரியவில்லை. ஏன் பெயின்ட் அடித்தான் என்று அடுத்த கேள்வி எனக்குள் வந்தது. பனை மரத்துக்குக் கீழே இருந்து பால் குடித்தாலும் கள் என்பார்கள். அவன் குடித்தது பாலாக இருக்கலாம் என்று எனக்குப் படவே இல்லை.

“பட்டை எங்கால எடுத்தனீ?” என்றேன்.

அவன் சொல்ல வாயெடுத்தான், சந்தோசமாகத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். “எங்க எண்டா?”

“என்ர பெட்டியில ரெண்டு குறையுது. சீல் அப்பிடியே கிடக்கு. பிணைச்சல் ஆணி கழட்டிப் பூட்டியிருக்கு.”

குசினிக்குள் அவனுடைய மனைவி தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. அது நின்றது. கோபப்படுவான் என்று பார்த்தேன். ஏசினால் பதில் வைத்திருந்தேன். அவன் அலன் கீயை எடுத்து, லொறியை என் கையிலிருந்து வாங்கி, நாலு ஸ்பிரிங்கையும் ஒன்றொன்றாகக் கழற்றினான். அவசரப்படவில்லை. ஆணிகளை ஒரு மூடியில் போட்டான். கழற்றி முடிந்ததும் நாலையும் என் முன்னால் வைத்தான்.

“எது உன்ட எண்டு எனக்கு தெரியா. நாலையும் கொண்டு போ. வீட்ட போய் பாத்துக்க.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இருந்து கதைத்திருக்கலாம். நான் நாலு ஸ்பிரிங்கையும் எடுத்துச் சேர்ட் பொக்கட்டில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் வரும்போது மனம் நொந்து வந்தேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக் கூடாது. கையும் களவுமாகப் பிடித்தேன் என்ற எண்ணம்தான் வெள்ளவத்தை வரைக்கும் இருந்தது. அவன் மறுக்கவில்லை என்பதே சாட்சி என்று கணக்குப் பண்ணினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியின் தையல் மெஷின் மேசையில் நாலையும் கொட்டினேன். “கள்ளன் பிடிபட்டான்” என்றேன்.

நடந்ததைச் சொல்லச் சொல்ல அவளுடைய கால் மெஷினில் மெதுவாகியது. பிறகு நின்றது.

“அவரிட்டயே போய்க் கேட்டனீங்கள்?”

“பின்னை ஆரிட்டக் கேக்கிறது?”

“அது நானெல்லோ எடுத்தனான்.”

எனக்கு விளங்கவில்லை. அவள் எழும்பிப் போய், பெட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள். “திறந்து பாருங்கோ. பின்னால பாக்க வேண்டாம். லொறியைப் பாருங்கோ.”

சீலை வெட்டி லொறியை எடுத்தேன். வலப்பக்கம் முன்னும் பின்னும் மூன்று மூன்று பட்டை. இடப்பக்கம் நான்கு நான்கு. வியாழக்கிழமையிலிருந்து என் கையில் இருந்த லொறி. மேசையில் வைத்துப் பென்சில் உருட்டிப் பார்த்த லொறி. என்ன குறைகிறது என்று பையை எண்ணினேனே தவிர, என்ன கூடியிருக்கிறது என்று லொறியை எண்ணவில்லை.

“அப்பான்ர லொறிக்கு இடப்பக்கம் எப்பவும் ஒரு பட்டை கூடத்தான்” என்றாள். “ரோட்டு நடுவில உயரம், கரையில பள்ளம். லொறி இடப்பக்கத்தாலதானே ஓடுறது. பாரம் முழுக்க அந்தப் பக்கம் விழும். கராஜில விடேக்கையே அப்பா சொல்லிப்போட்டு வருவார். எல்லா லொறிக்காரரும் செய்யிறதுதான். உங்கட லொறியும் அந்தப் பக்கம் சரிஞ்சு நிண்டுது. போன புதன் நீங்கள் டொக்டரிட்டப் பல்லுக் காட்டப் போன நேரம் போட்டனான்.”

“ஏன் சொல்லேல்லை?”

“சொன்னனான். எனக்கு விளங்காது எண்டு சொன்னியள்.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: “நிமிந்து நிக்கிறதைப் பாத்திட்டு, ஆர் செய்தது எண்டு கேப்பியள் எண்டு நினைச்சன். சனிக்கிழமையும் தேத்தண்ணியோட நிண்டு பாத்தனான். எண்ணெய் எண்டு சொன்னியள்.”

“பிணைச்சலைக் கழட்ட உமக்கு ஆர் சொல்லித் தந்தது?”

அவள் என்னைப் பார்த்தாள். “கலியாணம் கட்டின நாள் முதல் சாப்பிடேக்க அந்தக் கொண்டெய்னர் கதையைச் சொல்லுறது நீங்கள்தானே.”

தையல் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டுகிறவள் அவள். வீட்டில் என் கண் முன்னால்தான் செய்கிறாள். அப்படியிருந்தும் பட்டியலில் அவளுடைய பெயர் வரவில்லை. மனைவியை மட்டும் நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அது நம்பிக்கை இல்லை, இளக்காரம். இவளால் என்ன முடியும் என்ற இளக்காரம்.

பிறகு சிநேகிதனுடைய ஸ்பிரிங்குகளை எடுத்து நகத்தால் சுரண்டினேன். இரண்டு பட்டையில் பெயின்டுக்குக் கீழே அரம் போட்ட கோடுகள், நுனி கொஞ்சம் கோணல். அடுக்கின சரக்கைச் சுற்றிக் கட்டுகிற இரும்பு நாடாவில் வெட்டியிருக்கிறான். யார்டுகளில் அது குப்பையாகக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, இருந்து, வெட்டி, அராவி, வளைத்து, எப்படிச் செய்தேன் தெரியுமா என்று எனக்குக் காட்டுவதற்காகப் பெயின்டும் அடித்து வைத்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலே பயமாகவும் இருந்தது.

“இப்பவே போங்கோ” என்றாள் மனைவி. நான் போகவில்லை. போன் எடுக்கவும் இல்லை. புதன் முழுக்கச் சாக்குத் தேடினேன். என் ரிமோட்டையும் சேர்த்து “எனக்கு” என்று சொல்லி, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தவனுடைய முகம் வந்து வந்து போனது. வியாழன் காலை மனைவி நாலு ஸ்பிரிங்கையும் ஒரு துணிப் பையில் கட்டி, என் கையில் தந்து, கதவையும் திறந்துவிட்டாள்.

அவனே கதவைத் திறந்தான். “வா” என்றான். உள்ளே விட்டான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெயைப் பற்றி அளந்ததையும் விடாமல். மனைவியின் பட்டைக் கதை வந்த இடத்தில் அவன் சிரித்தான், பொய்ச் சிரிப்பு இல்லை. “தங்கச்சியா? பாரன். இடப்பக்கத்துக்கு ஒண்டு கூட. லொறிக்கார வீட்டு ஆள் எண்டு காட்டிட்டா.” குசினிப் பக்கம் திரும்பி மனைவிக்கும் அதைச் சத்தமாகச் சொன்னான். அவ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா.

“என்னை மன்னிச்சுக்கொள் மச்சான்” என்றேன். இத்தனை வருடத்தில் எங்களுக்குள் அந்தச் சொல் வந்ததில்லை.

“கேட்டது பரவால்ல” என்றான். “நம்மட வேலை அப்பிடி. நானும் சில நேரம் அப்பிடித்தான் பாப்பன்.” துணிப் பையை விரலால் தள்ளினான். “ஆனா நீ கொண்டு போவ எண்டு நான் நினைக்கல மச்சான். நான் கழட்டி வச்சிட்டு, நீ வேணாம் எண்டு சொல்லுவ எண்டு பாத்துக்கிட்டு இருந்த.”

நான் துணிப் பையை அவிழ்த்து நாலு ஸ்பிரிங்கையும் மேசையில் வைத்தேன்.

நானே பூட்டித் தருகிறேன் என்றேன். சரி என்றான். தேத்தண்ணி வந்தது, அவனுடைய மனைவி வைத்துவிட்டு உடனே போய்விட்டா. நான் இருந்து முன்னிரண்டையும் பூட்டினேன். அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். பெட்ரோல் வரிசை, மகளுடைய பிள்ளை, முழங்கால் நோ என்று கதைத்தான். எல்லாம் வழமைபோல இருந்தது. தப்பிவிட்டேன் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவதைப் பூட்டும்போது ஓர் ஆணியின் தலை சின்னது, என் கையில் இருந்த கீ சுழன்றது. அதைவிடச் சின்னக் கீ அவனுடைய அலுமாரியில் இரண்டாவது தட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். அந்த அலுமாரிக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவனைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அவன் வீட்டில் இல்லாத நேரமும் வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எழும்பினேன். அலுமாரிக் கதவில் கை வைக்கவும் அவன் பின்னால் எழும்புகிற சத்தம் கேட்டது.

“நீ இரு மச்சான். நான் எடுத்துத் தாறன்.”

என் கைக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைத் திறந்தான். டின்னை எடுத்தான், கீயை எடுத்தான், கதவைச் சாத்தினான். கீயை என் கையில் தந்துவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை.

நான் மூன்றாவதையும் நாலாவதையும் பூட்டினேன். லொறி நேராக நின்றது. நல்லாயிருக்கு என்றான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கக் கடற்கரையில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்போமா என்று கேட்டேன். ஓம், வாறன் என்றான்.

வந்தான். இரண்டு லொறியும் மணலில் ஓடின, என்னுடையது நன்றாகவே ஓடியது. மனைவியும் வந்து நின்று பார்த்தாள். இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறான், பாண் பெட்டியோடு. நான் கொட்டாஞ்சேனைக்குப் போனாலும் தேத்தண்ணி வருகிறது. எனக்கு ஏதாவது தேவை என்றால் அவன்தான் எழும்பி அலுமாரியைத் திறந்து எடுத்துத் தருகிறான். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை அது, முழங்கால் நோவோடு எழும்பி எடுத்துத் தாறாரே என்கிறாள் மனைவி. இருக்கலாம். அவனிடமே கேட்டால் அவனும் அப்படித்தான் சொல்வான். ஆனால் சொன்னதை நம்புகிற பழக்கம் எங்கள் இரண்டு பேரில் அவனுக்குத்தான் இருந்தது.